தங்கிவிட்ட பெரியவர்



பங்கில் வயது முதிர்ந்த ஒருவர் இறைவனடி சேர்ந்தால், அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் புறப்படும் முன் குடும்பத்தார் வந்து, "சாமி, அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்பது வழக்கம். நாமும் சொல்கிறோம். நல்லவர், தினமும் பூசைக்கு வருவார், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். இவை பொய்யல்ல. ஆனால் ஒரே வாரத்தில் மூன்று அடக்கங்கள் அமைந்துவிட்டால், மூவருக்கும் அதே நாலு வார்த்தைகளைத்தானே சொன்னோம் என்ற கூச்சம் இரவில் வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஒரு பெரியவரின் அன்பு எப்படி உருவாகிறது, எப்படி ஓர் ஆயுள் முழுவதும் தாக்குப்பிடிக்கிறது என்று விளக்கிச் சொல்ல நாம் பழகவில்லை.

அதை ஓரளவு விளங்க வைக்கும் ஒருவரை இன்று நினைவுகூர்வோம். கராச்சி நகரில் 57 ஆண்டுகள் தொழுநோயாளர் நடுவே வாழ்ந்து, 2017 ஆகஸ்ட் 10-ஆம் நாள் தமது 87-ஆம் வயதில் இறைபதம் அடைந்த ஜெர்மானிய மருத்துவர், அருட்சகோதரி ரூத் பாவ். நம் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு. அவருடைய கதையில் நம் வேலூருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

ரூத் 1929 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு லூத்தரன் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அவர்கள் வீடு அழிந்தது. போருக்குப் பின் அப்பகுதி சோவியத் ஆட்சியின் கீழ் வந்தபோது, 1948-இல் எல்லையைத் தாண்டி மேற்கு ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே மைன்ஸ், மார்புர்க் நகரங்களில் மருத்துவம் படித்தார். மாணவியாக இருந்த நாட்களில் அவர் ஒரு வயதான டச்சுப் பெண்மணியைச் சந்தித்தார். நாத்சிகளின் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் அவர். அப்படிப்பட்டவர் ஊர் ஊராகச் சென்று மன்னிப்பையும் அன்பையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வதைத்தவர்களின் நாட்டிலேயே வந்து மன்னிப்பைப் பேசிய அந்த மூதாட்டி, இளம் மாணவியின் உள்ளத்தைக் கலக்கிவிட்டார். 1951-இல் எவாஞ்சலிக்கல் சபையில் திருமுழுக்குப் பெற்ற ரூத், 1953-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1957-இல் மரியாவின் இதயப் புதல்வியர் சபையில் தம்மை அர்ப்பணித்தார்.

இச்சபையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், துறவற இல்லங்கள் மூடப்பட்டு, துறவற உடை அணிவதே ஆபத்தாக இருந்தபோது, இயேசு சபைக் குரு கிளோரிவியேர் அடிகளும் அடெலாய்டு தெ சிசே அம்மையாரும் தொடங்கிய சபை இது. எனவே இவர்களுக்குத் தனித் துறவற உடை கிடையாது. மக்கள் உடுத்துவதையே உடுத்தி, மக்கள் நடுவே வாழ்வார்கள். பிற்காலத்தில் வெள்ளை முடியோடு, சல்வார் கமீஸும் துப்பட்டாவும் அணிந்து நிற்கும் ரூத் அம்மையாரின் படங்களைப் பார்ப்பவர்கள், 'இவர் கன்னியரா?' என்று கேட்பதுண்டு. கன்னியர்தான்.

சபையினர் அவரை அனுப்பியது இந்தியாவுக்கு. 1960 மார்ச் மாதம் வழியில் கராச்சியில் இறங்கினார். இந்திய விசாவில் சிக்கல் ஏற்பட்டது. காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பு நாட்களில், அதே சபையைச் சேர்ந்த மெக்சிகோ நாட்டுச் சகோதரி பெர்னீஸ் வர்காஸ், தாம் பணிபுரிந்த ஓர் இடத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். கராச்சி நகர ரயில் நிலையத்தை ஒட்டி, மெக்லியோட் சாலைக்குப் பின்னால் இருந்த தொழுநோயாளர் குடிசைப் பகுதி அது. வீட்டாராலும் ஊராராலும் விரட்டப்பட்டவர்கள் சேர்ந்து வாழ்ந்த இடம். சாக்கடை வழிந்து ஓடும். இரவில் எலிகள் வந்து, உணர்ச்சியற்ற விரல்களைக் கடித்துத் தின்றாலும் உறங்குகிறவருக்குத் தெரியாது.

அந்தக் குடிசை மருந்தகத்தில் ரூத் ஓர் இளைஞரைக் கண்டார். பத்தான் இனத்தவர், ஏறக்குறைய ரூத்தின் வயதுதான் இருக்கும். அந்தச் சேற்றில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, விலங்கைப் போலத் தவழ்ந்து உள்ளே வந்தார். தவழ்ந்து வந்தது ரூத்தை உலுக்கியது உண்மை. அதைவிட உலுக்கியது, அவர் அதை இயல்பான ஒன்றைப் போலச் செய்ததுதான். மனிதன் இப்படித்தான் வாழ வேண்டும் என்று அவரே ஏற்றுக்கொண்டிருந்தார். முதுமையிலும் ரூத் அம்மையார் இந்தக் காட்சியைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றே முடிவு செய்தார். விசாவுக்காகக் காத்திருந்தவர் தங்கிவிட்டார்.

இறையழைத்தல் என்றால் வானத்திலிருந்து குரல் கேட்கும் என்று நம் இளைஞர்கள் சிலர் இன்னும் எண்ணுகிறார்கள். ஒரு அலுவலகத்தில் தாமதமான முத்திரை வழியாகவும் அது வரலாம் போலும்!

இனி அவர் எடுத்துக்கொண்ட பணியைப் புரிந்துகொள்ள, அந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு விவிலியங்களில் 'குஷ்டரோகம்' என்ற சொல் இருந்தது. இன்று 'தொழுநோய்' என்கிறோம். லேவியர் நூல் 13, 14 அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல், இன்று மருத்துவர்கள் சொல்லும் தொழுநோயை மட்டும் குறிப்பதன்று. பலவகைத் தோல் நோய்களையும், துணியில் படரும் பூசணத்தையும், வீட்டுச் சுவரில் தோன்றும் கறையையும்கூட அச்சொல் குறிக்கிறது. ஆனால் விளைவு ஒன்றே: பாளையத்திற்கு வெளியே தனியாக வாழ வேண்டும் (லேவி 13:45-46). அந்தத் தீர்ப்பு, நோய்க்கான காரணம் தெரியாத ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு, பல நாடுகளில், பல சமயத்தவரிடையே நீடித்தது.

காரணத்தை 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். ஒரு நுண்கிருமி. அது பாவத்தினால் வருவதோ, பரம்பரையாக இரத்தத்தில் வருவதோ அல்ல. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி வாழ்வோருக்கு, மூச்சு வழியாகப் பெரும்பாலும் தொற்றுகிறது. கைகுலுக்குவதால், அருகில் உட்காருவதால் வருவதில்லை. மனிதருள் மிகப் பெரும்பான்மையோருக்கு இயற்கையாகவே இதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. மொலக்காய் தீவில் பணியாற்றி 1889-இல் இறந்த புனித தமியானின் காலத்தில் மருந்து கிடையாது. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன்படி 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகும்.

அப்படியானால் ஏன் 57 ஆண்டுகள்? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. இந்தக் கிருமி மிக மிக மெதுவாகப் பெருகுவது. உடலுக்குள் நுழைந்தபின் அடையாளம் வெளியே தெரிய, சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். 20 ஆண்டுகளும் ஆகலாம். இன்று ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் வேலை முடிவதில்லை. அவருடைய மனைவி, பிள்ளைகள், ஒரே கூரையின் கீழ் படுத்த தம்பி ஆகிய அனைவரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். வெளிறிய தேமல் தோன்றியிருக்கிறதா, அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் ஊர் மாறினால் தேடிப் போக வேண்டும். ஒரு முகாம் நடத்தி, படம் எடுத்து, திரும்பி வருகிறவர்களால் இந்த நோயை ஒன்றும் செய்ய முடியாது. அதைவிடப் பொறுமையான ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும்.

முதலில் அவர் கற்றுக்கொள்ளப் புறப்பட்டார். 1961-இல் வேலூருக்கு வந்து தொழுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்றார். அன்று விசா கிடைக்காத இந்தியாவுக்கு, இப்போது மாணவியாக வந்தார்! அக்காலத்தில் வேலூரும் அதனை அடுத்த கரிகிரியும் உலகம் முழுவதற்கும் தொழுநோய் மருத்துவப் பள்ளியாக விளங்கின. அங்கே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் ஓர் உண்மையை நிலைநாட்டியிருந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்புகள் செயலிழந்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரம், ஆணி, செருப்பின் உராய்வு, எலிக்கடி எனச் சிறுசிறு காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகி, கையும் காலும் சிதைகின்றன. வீடு திரும்பும் நோயாளிகளுக்கு, எலியை விரட்ட ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பிய கதையை அவர் எழுதியிருக்கிறார். வலி என்பது கடவுள் தந்த கொடை என்று மறையுரையில் சொன்னால் மக்கள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேலூரில் அது மருத்துவப் பாடமாகவே இருந்தது. லூத்தரன் வீட்டில் பிறந்த கத்தோலிக்கக் கன்னியர் ஒருவர், பிரிந்த சகோதரர்கள் நடத்தும் மருத்துவமனையில் கற்று, இஸ்லாமிய மக்களுக்குப் பணியாற்றத் திரும்பினார் என்பதையும் ஒன்றிப்பு வாரத்தில் நாம் சொல்லிக் காட்டலாம்.

கராச்சி திரும்பியபின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1963-இல் நகருக்குள் ஒரு கட்டடம் கிடைத்து, மருந்தகம் குடிசையிலிருந்து அங்கே மாறியது. சபை நிறுவிய அம்மையாரின் நினைவாக அதன் பெயர் 'மரி அடெலாய்டு தொழுநோய் மையம்'. அங்கே உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்து தொழுநோய்ப் பணியாளராகப் பயிற்றுவித்தார். பெரும்பாலோர் இஸ்லாமியர். 1968-இல் அரசும் சேர்ந்து தேசிய அளவில் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1979-இல் அரசின் தொழுநோய் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் 157 தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் நாடெங்கும் இயங்கின. பட்டியல் இவ்வளவுதான். ஆனால் இதற்காக அவர் ஜீப்பிலும் நடந்தும் சென்ற பாதைகள் நீளமானவை. பலுசிஸ்தான் பாலைவனத்திலும் வடக்கு மலைகளிலும், நோய் கண்ட பிள்ளைகளைக் குகைகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் வீட்டாரே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களைத் தேடிக் கண்டெடுத்தார். பெற்றோரைத் திட்டித் தீர்ப்பதால் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அவர்களுடைய பயத்துக்கும் சேர்த்துத்தான் மருந்து வேண்டும்.

இந்த இடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குருமட நாட்களில், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி நாங்கள் ஒரு தொழுநோயாளர் இல்லத்திற்குச் செல்வோம். ரொட்டிப் பொட்டலங்கள், போர்வைகள், இரண்டு கரோல் பாடல்கள். பொட்டலங்களை அவர்கள் கையில் கொடுத்ததாக நினைவில்லை. திண்ணையின் மேல் வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். தொட்டால் தொற்றாது என்று படித்திருந்தோம். படித்தது தலையில் இருந்தது, கை அதை நம்பவில்லை. புறப்படும்போது ஒரு பெரியவர், விரலற்ற இரு கைகளையும் குவித்து, "தோத்திரம் பிரதர். அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்டார். "வருவோம் ஐயா" என்றோம். அடுத்த வாரம் தேர்வு. அதற்கடுத்த வாரம் விடுமுறை. மறுபடி போனது அடுத்த கிறிஸ்து பிறப்புக்குத்தான். அந்தப் பெரியவர் அங்கே இல்லை. அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

மாற்கு நற்செய்தியில் தொழுநோயாளர் ஒருவர் இயேசுவிடம் வந்து முழந்தாள்படியிட்டு வேண்டுகிறார் (மாற் 1:40-45). 'வாய்ச்சொல்லால் குணப்படுத்தியிருக்கலாமே, ஏன் தொட வேண்டும்?' என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. தூரத்தில் நிற்கும் பத்துப் பேரைத் தொடாமலே குணமாக்கியதாக லூக்கா எழுதுகிறாரே (லூக் 17:11-19). ஆனால் இங்கே இயேசு முதலில் கையை நீட்டுகிறார், தொடுகிறார், அதன் பின்னரே பேசுகிறார். அதாவது, நோய் நீங்குமுன்பே, சட்டப்படி அவர் இன்னும் தீட்டுள்ளவராக இருக்கும்போதே தொடுகிறார். இன்னொன்றையும் நாம் வழக்கமாக வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம்: அந்த நிகழ்ச்சி முடியும்போது, குணமானவர் ஊருக்குள் போகிறார், இயேசுவோ ஊருக்குள் போக முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் இருக்கிறார். இடம் மாறிவிடுகிறது. சேற்றில் தவழ்ந்த இளைஞரைக் கண்டபின் ரூத் அம்மையாருக்கு நடந்ததும் இதுவே என்று தோன்றுகிறது.

1996-ஆம் ஆண்டு, பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆசியாவில் இந்நிலையை முதலில் எட்டிய நாடுகளுள் அதுவும் ஒன்று. கட்டுப்பாடு என்றால், சிகிச்சையில் இருப்போர் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்று பொருள். அப்போது ரூத் அம்மையாருக்கு ஏறக்குறைய 67 வயது. வெற்றி பெற்றாயிற்று, விருதுகள் வந்தாயிற்று. லைப்சிக்கும் தடையின்றிப் போய்வரக்கூடிய ஊராகியிருந்தது. திரும்பிப் போய் ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ இன்னும் 21 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். மையத்தின் பணி காசநோய்க்கும் பார்வையிழப்பைத் தடுப்பதற்கும் விரிந்தது. 2005 நிலநடுக்கத்தின்போதும் 2010 பெருவெள்ளத்தின்போதும் அவரும் அவர் பயிற்றுவித்தவர்களும் மக்களோடு நின்றார்கள். தலைமைப் பொறுப்பைப் பிறரிடம் கையளித்தபின்னும் மையத்தை விட்டு அவர் போகவில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டு, கொடுத்தவரின் வேலையில் தலையிடாமல் அருகிலேயே இருப்பது எவ்வளவு கடினம் என்பது, பங்குப் பேரவையில் பொறுப்பு மாறும் ஒவ்வொரு முறையும் நமக்குத் தெரிகிறதே!

1988-இல் பாகிஸ்தான் குடியுரிமை பெற்றிருந்தார். எருசலேம் ஆலயத்தை விட்டு நீங்காமல் இருந்த 84 வயது அன்னாவை லூக்கா காட்டுகிறார் (லூக் 2:36-38). அன்னாவின் நீண்ட வாழ்வை லூக்கா மூன்று வசனங்களில் முடித்துவிடுகிறார். அதில் சாதனை எதுவும் சொல்லப்படவில்லை. அங்கேயே இருந்தார், ஆகவே குழந்தை வந்தபோது அங்கே இருந்தார்.

நம் நாட்டு நிலையையும் சொல்லாமல் விட முடியாது. 2005 டிசம்பரில் இந்தியாவும் தேசிய அளவில் அந்த 10,000-க்கு ஒருவர் என்ற எல்லைக்குக் கீழே வந்தது. அதன்பின் பலர் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டோம். ஆனால் 2023-இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,80,000-க்கும் மேல். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தொழுநோயாளரைப் பிரித்து அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகள், கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் இருந்தது உட்பட, 2019-இல்தான் எடுக்கப்பட்டன. திருமணத் திருவழிபாட்டில் உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாய் இருப்போம் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுக்கும் நமக்கு, அப்படியொரு பிரிவு இருந்ததே தெரியாமல் இருந்தது வெட்கத்திற்குரியது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் யாருக்கேனும் இருந்தால், தயங்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம்.

ரூத் அம்மையாரின் கடைசி ஆசைகள் என்று அவர் இறந்த நாட்களில் செய்திகளில் வெளிவந்தவை மூன்று. செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்கக் கூடாது. உடலைத் தொழுநோய் மையத்தின் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். சிவப்பு மணக்கோல உடையில் அடக்கம் செய்ய வேண்டும். நம் பெண்கள் மணநாளில் வெள்ளையோ சந்தன நிறமோ உடுத்துகிறார்கள். அந்த நாட்டில் மணமகளின் நிறம் சிவப்பு. 2017 ஆகஸ்ட் 19 அன்று கராச்சி புனித பேட்ரிக் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. பாகிஸ்தான் கொடி போர்த்திய பெட்டியை இராணுவ வீரர்கள் சுமந்தனர். நாட்டின் குடியரசுத் தலைவர் வந்திருந்தார். 19 குண்டுகள் முழங்கின. நகரின் கிறிஸ்தவக் கல்லறையான கோரா கப்ரிஸ்தானில் அடக்கம் செய்தார்கள். பாகிஸ்தான் என்றதும் நமக்கு நாளிதழ்கள் சொல்லும் சேதி வேறு. அன்று அந்நாட்டு மக்கள் ஒரு கிறிஸ்தவக் கன்னியருக்காகத் தெருவில் நின்று அழுதார்கள்.

நாங்கள் குருமட நாட்களில் சென்ற அந்த இல்லம் இன்னும் இயங்குகிறது. இருப்பவர்கள் குறைவு, எல்லாரும் முதியவர்கள், குணமானவர்கள், போக வீடில்லாதவர்கள். வரும் மாதம் முதல், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பங்கிலிருந்து ஒரு வேன் அங்கே செல்லும். பொட்டலங்கள் எதுவும் வேண்டாம் என்று இல்லத்துச் சகோதரிகள் சொல்லிவிட்டார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடவும், உட்கார்ந்து பேசவும் ஆள் வந்தால் போதுமாம். வர விரும்புவோர் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். ஓர் ஆண்டுக்காவது தொடர்ந்து வர முடியுமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டுப் பெயர் கொடுக்கவும். பட்டியலில் முதல் பெயராகப் பங்குக் குருவின் பெயரை எழுதியாயிற்று.